ஒரு பருவமும் பதினெட்டுப் பருவங்களும்

விளையாட்டுத் துறையில் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. இளம் விளையாட்டாளர் ஒருவர் ஒரு பருவத்தில் சிறந்து விளங்கினால், “மூத்தவரை இவர் மிஞ்சிவிட்டார்” என்ற பேச்சு உடனே எழுகிறது. அப்பேச்சு எந்த அளவுக்குச் சரியானது? 2025ஆம் ஆண்டின் ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டியைக் கொண்டு இதனை ஆராயலாம்.

அப்போட்டியில் மிக அதிக ஓட்டங்களை எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். அப்போது அவருக்கு வயது 23. குஜராத் டைட்டன்ஸ் அணிக்காக 15 ஆட்டங்களில் அவர் 759 ஓட்டங்களைக் குவித்தார். அதிக ஓட்டங்களுக்கான ஆரஞ்சுத் தொப்பியோடு வளர்ந்து வரும் விளையாட்டாளருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணியின் விராட் கோலிக்கோ வயது 36. 2008 முதல் ஒரே அணிக்காக ஆடிவரும் அவர், அவ்வாண்டு 15 ஆட்டங்களில் 657 ஓட்டங்களை எடுத்தார்.

இருவரும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆகவே, 102 ஓட்டங்கள் கூடுதலாக எடுத்த இளையவரே முன்னிலை வகிக்கிறார். வேகத்திலும் அவரே முந்துகிறார். 100 பந்துகளுக்குச் சாய் சுதர்சன் ஏறத்தாழ 156 ஓட்டங்களும் கோலி ஏறத்தாழ 145 ஓட்டங்களும் எடுத்தனர். எனினும், சராசரியில் இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. சாய் சுதர்சனின் சராசரி 54.21; கோலியின் சராசரி 54.75.

அணியின் வெற்றியை அளவுகோலாகக் கொண்டால் முடிவு மாறுகிறது. வெளியேற்றுச் சுற்றில் சாய் சுதர்சன் 49 பந்துகளில் 80 ஓட்டங்கள் எடுத்தும் குஜராத் அணி மும்பையிடம் தோற்றது. பெங்களூரு அணியோ முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் கோலி எடுத்தவை 43 ஓட்டங்களே. பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களில் வீழ்த்தியதில் பந்து வீச்சாளர்களின் பங்கும் பெரிது. எனவே, கிண்ணத்தை வைத்து மட்டும் ஒருவரின் திறமையை அளக்க முடியாது.

சாய் சுதர்சனுக்கு 2025 நான்காவது பருவமாகும். கோலி தம் நான்காவது பருவமான 2011இல் 16 ஆட்டங்களில் 557 ஓட்டங்களை எடுத்திருந்தார். இந்த ஒப்பீட்டிலும் இளையவரே முன்னிற்கிறார். ஆனால், ஆட்டத்தின் போக்கு அன்றுபோல் இன்று இல்லை. ஆட்டத்தின் நடுவே ஒரு மாற்று ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. கூடுதலாக ஒரு மட்டையாளர் இருப்பதால், மற்றவர்கள் துணிந்து அடித்தாட முடிகிறது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர். விளையாட்டாளரின் ஆற்றலுக்கு ஒரு பருவம் பதமாகாது. 2016இல் 973 ஓட்டங்கள் எடுத்துச் சாதனை படைத்த கோலி, மறு ஆண்டில் 308 ஓட்டங்களே எடுத்தார். அதன் பின்னரும் அவர் தளரவில்லை. 18 பருவங்களில் அவர் சேர்த்த ஓட்டங்கள் 8,600ஐத் தாண்டின. சாய் சுதர்சனும் 2025 ஜூன் மாதம் லீட்ஸ் நகரில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கியபோது, முதல் இன்னிங்சில் ஓட்டம் ஏதும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். இரண்டாவது இன்னிங்சில் 30 ஓட்டங்கள் எடுத்தார். புதிய களம் எவரையும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே சோதிக்கிறது.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத் திடல்களில் காற்பந்து ஆடுவோருக்கும் இது பொருந்தும். புதிதாகச் சேர்ந்த மாணவன் ஓராண்டில் நிறைய கோல்கள் அடித்தால் அவனைப் பாராட்ட வேண்டும். அதற்காக மூத்த ஆட்டக்காரரை ஒதுக்கிவிடக் கூடாது. அடுத்த ஆண்டு அவனுக்குக் கோல்கள் குறைந்தால் அவனைத் தூற்றவும் கூடாது. எத்தனை ஆட்டங்களில், எத்தகைய எதிரணியிடம், யார் தந்த பந்தில் அந்தக் கோல்கள் விழுந்தன என்று கேட்டறிந்த பின்னரே ஒப்பிட வேண்டும். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆயினும், நாம் கேட்கும் கேள்விக்கு மட்டுமே அவை விடை தருகின்றன.