வாடிக்கையாளர் இருக்கிறார், பில்லைக் காணோம்!

எங்கள் மொத்த விற்பனைக் கடையில் மைஎஸ்க்யூஎல் 8.0 சர்வர். சில வாடிக்கையாளர்களின் பழைய பில்கள் மட்டும் மாயமாகின்றன. யாரும் அழிக்கவில்லை. வைரஸா?
- வாசகர், விருதுநகர்

வைரஸ் இப்படி ஆள் பார்த்து பில் எடுக்காது. ஊழியர்களையும் சந்தேகிக்காதீர்கள், பாவம். பில் போன வாடிக்கையாளரின் முகவரியையோ போன் எண்ணையோ அண்மையில் யாராவது திருத்தினார்களா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால், மென்பொருள் திருத்தத்துக்கு ‘ரீப்ளேஸ்’ கட்டளையைப் பயன்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். பில் டேபிளில் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ இருந்தால், அந்தக் கணமே அவருடைய பில்கள் அத்தனையும் கூடவே போய்விடும். பில்கள் இப்படி அழிவது பைனரி லாகில் பதியாது, டெலீட் ட்ரிக்கரும் இயங்காது. தடயம் கிடைக்காததன் காரணம் அதுதான்.

‘ஷோ கிரியேட் டேபிள்’ கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கேஸ்கேடை ‘ரெஸ்ட்ரிக்ட்’ ஆக்குங்கள். ரீப்ளேஸுக்குப் பதில் ‘அப்டேட்’ எழுதச் சொல்லுங்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, விடுபட்ட பில்களை மட்டும் எடுத்துச் சேருங்கள். பேக்கப்புக்குப் பின் போட்ட பில்களின் பதிவு பைனரி லாகில் இருக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் அது 30 நாள்தான் தங்கும். இன்றே நகலெடுங்கள்.