லினக்ஸ் போட்டாச்சு, தமிழ் வரலையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் பிராசஸராக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பெரம்பலூர் ஜெராக்ஸ் கடைகளிலும் அரியலூர் வீடுகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை கிடையாது. அதனால்தான் "லினக்ஸ் போட்டுத் தர்றீங்களா?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

போட்டுத் தருகிறேன். ஆனால் போட்டுக்கொண்டு போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தால், அநேகமாக ஒரே புகார்தான்: "அண்ணே, தமிழ் வரல." லினக்ஸ் கடினம் என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் தமிழுக்குத் தனி இடம் உண்டு.

முதலில், யார் போடக் கூடாது? டேலியில் கணக்கு எழுதுகிறவர், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்கிறவர், கைரேகைக் கருவி வைத்து இ-சேவை நடத்துகிறவர். இவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். ஆசைக்கு வேண்டுமானால் பக்கத்தில் இன்னொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். கடிதம், இணையம், பிள்ளைகள் படிப்பு, படம் பார்ப்பது, இவ்வளவுதான் என்றால் தாராளமாக மாறலாம்.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? என் அனுபவத்தில், ஆன் செய்ததும் வரும் பட்டியலில் தவறிப்போய் அதைத் தேர்ந்தவர்கள் "கெட்டுப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வந்ததுதான் அதிகம்.

எந்த லினக்ஸ் என்று என்னிடம் கேட்டால் மின்ட்தான். வேறு பதில் கிடையாது. அதிலும் 4 ஜிபி ரேமோ அதற்குக் குறைவோ இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஸ்டார்ட் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், வீட்டில் பெரியவர்கள் திணற மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழலும் ரகமென்றால், எந்த ஓஎஸ் போட்டாலும் ஆமைதான். முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். அரியலூர்க்காரர்கள் கையோடு ஃபேனையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். சிமென்ட் லாரி போகும் சாலையோர வீடென்றால் உள்ளே அரை இன்ச் தூசி இருக்கும்.

போடுவது சுலபம். மின்ட் ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. போன் டேட்டாவில் இறக்கிப் பாதியில் நிற்காதீர்கள். ஏற்கெனவே போட்டவரிடம் பென் டிரைவை வாங்கிவிடுங்கள். நீங்களே தயாரிப்பதானால் 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதையும். ஆன் செய்யும்போது எஃப்12 தட்டினால் (எச்பி என்றால் எஃப்9) பென் டிரைவைத் தேர்வு செய்யும் பட்டியல் வரும். உடனே இன்ஸ்டால் கொடுக்காமல், பென் டிரைவிலிருந்தே பத்து நிமிடம் ஓட்டி வைஃபை, சத்தம், டச்பேட் மூன்றையும் பாருங்கள்.

அடுத்தது டிஸ்க்கைப் பிரிப்பது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். மாவட்டத்தை அப்படிச் செய்யலாம். டிஸ்க்கை ஒரே தடவைதான் பிரிக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் 60 ஜிபியாவது சுருக்கி ஒதுக்குங்கள்; பிறகு மின்ட் கேட்கும்போது 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்பதைக் கொடுங்கள். 'டிஸ்க்கை அழி' என்பது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் வைத்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி தமிழ். எல்லாரும் செய்யும் தவறு, கீபோர்டு செட்டிங்ஸில் போய் 'தமிழ்நெட் 99' என்ற லேஅவுட்டைச் சேர்ப்பது. பெயரைப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். தட்டிப் பார்த்தால் புள்ளி தானாக விழாது. அந்த இடத்தில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்குதான். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அது பார்க்காது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99-இன் அழகே அப்படிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வர வேண்டும். முதல் மகரம் தானே புள்ளி வாங்கிக்கொள்ளும், ஆகாரம் தானே காலாக மாறும். இரண்டு மகரம் அடுத்தடுத்துப் புள்ளியில்லாமல் வேண்டுமென்றால் இடையில் ஒரு அ தட்டுங்கள்: ம, அ, ம, த, ஐ என்றால் 'மமதை'.

இந்தப் புள்ளி வசதி கிடைக்க லேஅவுட் போதாது, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வேண்டும். மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக்கைத் திறந்து 'ஐபஸ்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஐபஸோடு, பெயர் 'எம்17என்' என்று முடியும் பேக்கேஜையும் சேர்த்து நிறுவுங்கள். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தமிழ் விசைப்பலகைகள் அதற்குள்தான் இருக்கின்றன. பிறகு மெனுவில் 'இன்புட் மெத்தட்' போய் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் "ஒண்ணுமே மாறலையே" என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். உள்ளே வந்ததும் ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். முன்பு சேர்த்த அந்தத் தப்பான லேஅவுட்டை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் மோதும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு விரல் பழகிவிட்டது. அதே பட்டியலில் டைப்ரைட்டர் முறையும் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழ் வர வைப்பவர்களுக்கு போனடிக் இருக்கிறது. அதைச் சொல்லித் தருவேன், பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வாரம் பொறுத்தால் தமிழ்99 கைவந்துவிடும்.

தமிழில் கடைசியாக, பழைய வானவில் ஃபைல்கள். அவற்றில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல; ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிய ஃபான்ட். ஃபான்ட் இல்லாத மின்ட்டில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் ஊரில் பத்திர நகலும் கல்யாணப் பத்திரிகையும் இன்னும் பழைய ஃபான்ட்டில் கிடக்கின்றன. விண்டோஸ் இருக்கும்போதே என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானதை மட்டும் மாற்றுங்கள். பதினைந்து வருடத்துக் குப்பை எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள்.

இடையில் ஒரு நாள் விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கலாம். பேட்டரி போகவில்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று படிக்கிறது. தேதி, நேரம் பக்கத்தில் 'இப்போது ஒத்திசை' என்ற பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள்.