தவறிய பாடங்களோடு மறுபடியும் தாதிப் பயிற்சிக்கு

"அக்கா, ஒருக்கா பெயிலானவங்கள திரும்ப எடுப்பாங்களா?" நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். எடுப்பார்கள். ஆனால் திரும்பிப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் போனால் அதே பாடத்தில் அதே இடத்தில் மறுபடியும் விழ நேரும்.

நான் டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் வளர்ந்தவள். உயர்தரப் பெறுபேறு அரச தாதியர் கல்லூரிக்குப் போதவில்லை. கண்டியில் கட்டணம் கட்டிப் படிக்கும் பயிற்சிநெறி ஒன்றில் சேர்ந்தேன். முதலாம் வருடத்திலேயே உடற்கூற்றியலும் மருந்தியலும் போய்விட்டன. அடுத்த தவணைக்குக் கட்டக் காசும் இல்லை. பாதியில் நின்று, கொழும்பில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். சில வருடம் கழித்து வேறொரு நிறுவனத்தில் மறுபடியும் சேர்ந்து படித்து முடித்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் மருத்துவ விடுதியில் வேலை செய்கிறேன்.

திரும்பிப் போகிறவர்களுக்கு ஊரே சொல்லும் புத்திமதி "இந்த முறை நல்லா முயற்சி செய்" என்பது. முதல் முறையும் முயற்சி செய்துதானே விழுந்தோம்? அதனால் பழைய பெறுபேற்றுத் தாளை எடுத்து, ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்பது போலப் படியுங்கள். எந்தப் பாடம், அதில் எந்தப் பகுதி, எந்த வகைக் கேள்வி? என்னுடைய தாளில் விடுதிப் பயிற்சிப் புள்ளிகள் நன்றாகவே இருந்தன. கட்டில் விரிப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் சரி. கணக்கு வந்த இடங்களும் ஆங்கிலத்தில் விளக்கி எழுதச் சொன்ன இடங்களும்தான் காலியாகக் கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான், தாதித் தொழில் எனக்கு வராது என்ற எண்ணம் போய், எனக்குப் பின்னம் தெரியாது என்ற உண்மை தெரிந்தது.

மலையகப் பிள்ளைகளுக்கு இது தனிப்பட்ட குறை இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் குறைவு. கணித ஆசிரியர் இல்லாமலே இரண்டு மூன்று தரங்களைக் கடந்து வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தரம் 7இல் விட்டுப்போனது தாதிப் பயிற்சியில் வந்து பிடிக்கிறது.

சேலைன் துளிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும்; குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும். நிமிடத்துக்கு எத்தனை துளி? முன்பு சூத்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பரீட்சையில் மேலே எது கீழே எது என்று குழம்பிவிடும். திரும்பப் படிக்கும்போது சூத்திரத்தை விட்டுவிட்டேன். மொத்தம் எத்தனை துளி? 1000ஐ 20ஆல் பெருக்கினால் 20,000. மொத்தம் எத்தனை நிமிடம்? 8ஐ 60ஆல் பெருக்கினால் 480. துளிகளை நிமிடங்களுக்குப் பங்கு போட்டால் 41.67, அதாவது 42 துளி. சிறு பிள்ளைகளுக்குப் போடும் நுண்துளிக் குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி. அங்கே மாறுவது அந்த ஓர் எண் மட்டும்தான். இப்படி யோசிக்க எனக்கு உதவியது எந்த மருத்துவ நூலும் இல்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் தரம் 7 கணிதப் புத்தகம். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற அதே புத்தகம். பின்னம், தசமம், விகிதம் என்ற மூன்று பாடங்களையும் முதலிலிருந்து செய்தேன். வளர்ந்த பெண் சின்னப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தின் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு போய்விடும்.

அடுத்தது ஆங்கிலம். தமிழில் விளங்காத ஒன்றை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வெல்ல முடியாது. நான் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கறை படிந்த கையைக் கழுவிவிட்டு ரொட்டிக்கு மா பிசைவா. நான் பக்கத்தில் குந்தி இதயத்தைப் பற்றிச் சொல்லுவேன். வலப் பக்கம் உடம்பிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும், இடப் பக்கம் அங்கிருந்து வருவதை உடம்புக்குத் தள்ளும் என்றேன். அம்மா கேட்டா: "அப்ப நெஞ்சு வருத்தம் வந்தவங்களுக்கு ஏன் காலு வீங்குது?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு தேடிப் படித்தேன். இதயத்தின் வலப் பக்கம் தளர்ந்தால் இரத்தம் முன்னே போகாமல் நாளங்களில் தேங்குகிறது. அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நிற்கும்போது கால்தான் தாழ்ந்த இடம் என்பதால் முதலில் அங்கே வீங்குகிறது. மறுநாள் அம்மா தலையாட்டினா. அதன் பிறகுதான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். நான்கு வசனம்தான், ஆனால் என்னுடைய வசனம்.

மருந்தியலைத் தோட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள் என்பேன். குளவி கொட்டி ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிலருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்கு மூச்சு அடைத்து இரத்த அழுத்தம் விழுகிறது. அதுதான் கடும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக, தசைக்குள் போட வேண்டும். இரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்கும், சுவாசக் குழாயை விரிக்கும். தோட்டத்தில் கண்டவர்களின் முகத்தோடு படித்த இந்த மருந்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரை, பக்கத்து வீட்டு மாமாவின் சீனி வருத்தத்துக்கான மெட்போமின், கர்ப்பிணி அக்காமாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை என்று லயத்திலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்துங்கள். மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

லயத்தில் மேசை இல்லை, தனி இடம் இல்லை என்பது உண்மைதான். வீட்டு ஆட்கள் பெரட்டுக்குப் போன பிறகு கிடைக்கும் காலை நேரத்தை விடாதீர்கள். அந்த நேரத்தில் தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கச்சியைப் பார்ப்பது என்று எல்லா வேலையும் பொம்பளைப் பிள்ளையின் தலையில்தான் விழும். இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும். அண்ணன் தம்பிமாரும் குடம் தூக்கலாம்.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை. சுகாதார அமைச்சின் மூன்று வருடப் பயிற்சிக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். கண்டியிலும் பதுளையிலும் அரச தாதியர் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. என்ன பாடம், எந்தச் சித்தி, வயதெல்லை எவ்வளவு என்பதை அந்த அறிவித்தலிலேயே பாருங்கள், தரகர் வாயால் கேட்காதீர்கள். அதற்குத் தகுதி இருந்தால் வேறெங்கும் காசு கட்ட வேண்டாம். உயர்தரம் மறுபடி எழுதும் வாய்ப்பு மீதம் இருந்தால் அதையும் யோசியுங்கள். தனியார் நிறுவனம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா? படித்து முடித்தால் இலங்கை தாதியர் பேரவையில் பதியலாமா? அந்தப் பேரவை 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. வாயால் சொல்லும் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கேட்டதற்குக் கோபப்படும் இடத்தில் சேர வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்தில் பதிந்த பெயர்களில் எழுத்து மாறிக் கிடப்பது சாதாரணம்; திருத்துவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

நேர்முகத்தில் பழைய பெறுபேற்றைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். எந்தப் பாடம் போனது, ஏன் போனது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள். நான் செய்து முடித்த கணக்குக் கொப்பியையும் முதியோர் இல்லம் கொடுத்த கடிதத்தையும் கொண்டுபோய் வைத்தேன். கேள்வி கேட்ட அம்மையார் கொப்பியைப் புரட்டி, ஒரு துளிக் கணக்கை அங்கேயே செய்யச் சொன்னா. செய்தேன்.

சிங்களமும் படியுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள்தான், ஆனாலும் விடுதியில் இரண்டு மொழியும் வேண்டும். இரவு டியூட்டியில் "மிஸி, நெஞ்ச அடைக்குது" என்று ஒரு அம்மா சொல்வதை டாக்டருக்குச் சரியாகச் சொல்ல வேறு ஆள் இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் உயர்தரப் புள்ளியை யாரும் கேட்கப் போவதில்லை.

படித்து முடித்து வேலைக்குப் போன அக்காமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பழைய கொப்பிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். லீவில் ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு போயா நாளில், உங்கள் தோட்டத்தில் ஒருமுறை தவறிப்போய் வீட்டில் இருக்கும் பிள்ளையோடு இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். துளிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.