நகத்தில் சுண்ணாம்பு, சுவரில் காசம்

பங்குனி பிறந்தால் சென்னையை அடுத்த குமணன்சாவடியின் இளநீர் வண்டிகள் பாதி வைத்தியசாலை ஆகிவிடும். நீர்க்கடுப்பு என்று வாய் திறந்தால் போதும். பார்லி கஞ்சி குடி, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 'சூடு பிடிச்சிருக்கு' என்பதுதான் எல்லோரும் ஏற்கும் காரணம்.

பாதி சரி. வெயிலில் வியர்த்து, தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, பூந்தமல்லி சாலை நெரிசலில் அடக்கியபடி வருபவருக்குச் சிறுநீர் அடர்ந்து எரியத்தான் செய்யும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் தணியும். பெயர் மட்டும் சுண்ணாம்புக்குப் போய்விடும்!

மாதக்கணக்கில் விடாத கடுப்பு வேறு கதை. 'எல்லாம் கிருமிதான், அஞ்சு நாள் மாத்திரை போதும்' என்பது அங்கே எடுபடாது. நாள்பட்ட அழற்சியில் சிறுநீர்ப்பையின் உள்தோல் உரிகிறது. அடியில் வெள்ளணுக்கள் கூடாரம் போடுகின்றன. தசைக்குள் நார் படர்ந்து, விரியவேண்டிய பை விறைக்கிறது. கிருமியே அகப்படாத வகையும் உண்டு. அதில் சிலருக்குப் பையின் சுவரில் காணும் புண்ணை அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர் 1915இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

அடுத்த நம்பிக்கைதான் ஆபத்தானது: டிபி என்றால் நுரையீரல், இருமல். ஆனால் காசநோய்க் கிருமி ரத்தத்தின் வழியே சிறுநீரகத்தில் குடியேறி, ஆண்டுகள் கழித்துக் குழாய் வழியாகப் பைக்கு இறங்கும். குழாய் பைக்குள் திறக்கும் வாயில்தான் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். தழும்பு ஏறஏற, சுமார் 400 மில்லி கொள்ளும் பை சுருங்கிக்கொண்டே போகும். முற்றிய நிலைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர், தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான்.

இவர்களின் சிறுநீர் ரிப்போர்ட்டில் சீழணுக்கள் நிறைய இருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளர்ந்திருக்காது. ஓரிரு நாளில் முடியும் சாதாரண கல்ச்சரில், வாரக்கணக்கில் வளரும் கிருமி எப்படித் தெரியும்? மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் லிவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் காசக்கிருமியையும் கொஞ்சம் அடக்கும். கடுப்பு தணிந்ததுபோல் இருக்கும், நோயோ ஒளிந்துகொள்ளும். சந்தேகம் வந்தால் காலை முதல் சிறுநீரைப் பல நாள் சேகரித்துக் காசநோய்க்கென்றே சோதிக்கவேண்டும். உறுதியானால், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

அழற்சி எப்போதுமே எதிரி என்பதும் முழு உண்மையல்ல. குமணன்சாவடியிலிருந்து போரூர் வழியாகக் கத்திப்பாரா போனால் அடுத்தது கிண்டி. அங்கே 1948இல் தொடங்கியது பிசிஜி தடுப்பூசி ஆய்வகம். பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடும் அந்த பிசிஜியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு நேரே பைக்குள் செலுத்தலாம் என்று கனடாவின் ஆல்வாரோ மொராலஸ் குழு 1976இல் காட்டியது. இந்தச் சிகிச்சையில் மருத்துவரே அழற்சியை மூட்டிவிடுகிறார். திரண்டு வரும் வெள்ளணுக்கள் புற்றணுக்களைத் தாக்குகின்றன. மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து வெளியேற்றியபின் ஓரிரு நாள் கடுக்கும், அது எதிர்பார்த்ததுதான். காய்ச்சல் விடாமல் அடித்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடவேண்டும்.