ஒற்றைக் கையோடு அலைமேல்

தேவபிள்ளைகளே, சகோதரி பெத்தனி ஹாமில்டனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2003 அக்டோபர் 31 காலை, ஹவாயின் கவாய் தீவுக் கடலில் அலைச்சறுக்குப் பலகைமேல் படுத்திருந்தாள். வயது 13. புலிச்சுறா ஒன்று இடது கையைத் தோளோரமாய்க் கடித்துக்கொண்டு போயிற்று. பாதிக்குமேல் இரத்தம் போய்விட்டது. ஆனாலும் ஒரு மாதம் ஆகுமுன்னே மறுபடியும் கடலில் இறங்கினாள்!

கை முளைக்கவில்லை, கவனியுங்கள். முளைத்தால்தான் அற்புதம் என்போம் நம்மில் சிலர். பெனியேலில் ஆசீர்வாதம் பெற்ற யாக்கோபு எப்படிப் போனான்? நொண்டிக்கொண்டுதானே! ஆதியாகமம் 32-ஐ இன்று ராத்திரி வாசித்துப் பாருங்கள்.

இவளும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா உட்காரவில்லை. தகப்பனார் பலகையில் ஒரு கைப்பிடி வைத்துக்கொடுத்தார். பெரிய அலை வந்தால் வலது கையால் அதைப் பிடித்து, பலகையை அமிழ்த்தி அடியில் புகுந்துவிடலாம். கால்களை உதைத்து உந்தவும் பழகினாள். 2005-ல் அமெரிக்க தேசியப் பட்டமும் வென்றாள், அதே ஒற்றைக் கையோடு.