ஜெனரேட்டர் இழுக்கும் வண்டி... இடுப்பு தாங்குமா?

பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவம் வந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளில் சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டர்களைப் பார்க்கலாம். தி.நகர், அடையாறு கல்யாண மண்டப வாசல்களிலும் இதே காட்சிதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துக் கரண்ட் போனபோது, 'ஜெனரேட்டர் கிடைக்குமா?' என்று எத்தனை வீடுகளில் அலைந்தார்கள்!

அதை இழுத்து வருகிறவரை யாரும் கவனிப்பதில்லை. கடன் வாங்கி எடுத்த சொந்தப் பிக்கப், பின்னால் கொக்கியில் மாட்டிய பாரம், கூட ஒரு பையன். இவர்களில் பலர் என்னிடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "டாக்டர், நான் என்ன மூட்டையா தூக்கறேன்? உக்காந்து வண்டிதானே ஓட்டறேன்?" என்பதுதான் முதல் கேள்வி.

தூக்கவில்லையா? கொக்கியில் மாட்டும்போது டிரெய்லரின் முன்கம்பியைத் தூக்குவது யார்? டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், அந்தக் கம்பியில் இறங்கும். ஆயிரம் கிலோ என்றால் கம்பியில் நூறு கிலோ! அதைக் குனிந்து, உடம்பைத் திருப்பி, 'ஏலே, பின்னைப் போடு' என்று கத்திக்கொண்டே தூக்குகிறோம்.

ஜெர்மனியில் ஒருவரின் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே சிறு கருவி வைத்து அளந்து, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது உள்ள அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது நான்கு மடங்குக்கும் மேலே போனது. முழங்காலை மடக்கித் தூக்கினாலும் மூன்று மடங்குக்கு மேல். வெறும் 20 கிலோவுக்கே இந்தக் கதி!

வண்டி ஓட்டுவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிரேக் போட்டால் பின்பாரம் வண்டியை முன்னால் தள்ளும். கிளம்பினால் பின்னால் இழுக்கும். நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வு நம் முதுகெலும்புக்கு ஆகவே ஆகாது. வண்டிச் சீட்டில் அதிகம் வருவதும் அந்த அதிர்வுதான். ஒரு மணி நேரம் குலுங்கி உட்கார்ந்தபின் முதுகின் தசைநார்கள் தளர்ந்து கிடக்கும். இறங்கின கையோடு கொக்கியைக் கழற்றக் குனிந்தால்? அப்போதுதான் 'சுளீர்' என்று பிடிக்கும். இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, பிறகு கை வையுங்கள்.

அதிகாலை முகூர்த்தம் இன்னும் மோசம். இரவு படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருந்தவர்களுக்கு வலி குறைந்ததாக 1998-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நாலு மணிக்கு எழுந்து நாலேகாலுக்குக் கம்பி தூக்குகிறவர் என்ன செய்வது? முந்தின நாள் மாலையே வண்டியை மாட்டி வைத்துவிடுங்கள். முன்கம்பியில் சின்னச் சக்கரத்தோடு ஜாக்கி பொருத்தினால் தூக்கும் வேலையே இல்லை. அதற்கு ஆகும் செலவு, ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் போகும் வருமானத்துக்கு முன்னால் எம்மாத்திரம்? ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை முறுக்கிக்கொண்டு எட்டிப் பார்க்காமல், பையனைக் கீழே இறக்கி வழி சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், சொல்லக் கூச்சப்படுவார்கள். உஸ்மான் ரோட்டில் பாரத்தோடு எங்கே நிறுத்துவது என்று சிறுநீரை அடக்குகிறார்கள். அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. சிறுநீர், மலம், தாகம், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. நீர்க்கடுப்பையும் கல்லையும் இடுப்பு வலி என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

சாதாரணப் பிடிப்புக்கு நொச்சி இலையை நல்லெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் ஒற்றடம் கொடுக்கலாம். விடமுட்டித் தைலம் மேல்பூச்சுக்கு மட்டும். அதில் சேரும் எட்டிக்கொட்டை விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எண்ணெய்க் குளியல் நல்லதுதான், ஆனால் வேலையில்லாத நாளில்! குளித்த அன்று கண்ணைச் சொருகும், ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது.

கால் மரத்துப் போய், பாதத்தைத் தூக்க முடியவில்லையா? உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்து, சிறுநீர் வராமலோ கட்டுப்படாமலோ போகிறதா? எண்ணெய், ஒற்றடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரம் கடந்தால் அறுவை சிகிச்சை செய்தாலும் முழுப் பலன் கிடைக்காது. தொடை இடுக்கில் புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். காட்டிவிட்டுத்தான் அடுத்த பாரம்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு: வாரம் இரண்டு நாள் ஒரு பிடி முடக்கறுத்தான் இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்து வார்த்துக் கொடுங்கள். லேசான கசப்பு தெரியும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் சாப்பிட்டுவிடுவார்.