மேலே வந்த பிறகு நுழைந்த தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. ரேடியோவில் ஓடும் உன் நீர்மூழ்கி முக்கால் மீட்டர் ஆழத் தொட்டியின் அடியில் கிடந்தபோது சொட்டுக்கூட இறங்கவில்லை, மேலே வந்து மிதந்தபோதுதான் ஷாஃப்ட் வழியாகக் கசிந்தது என்கிறாய். அக்ரிலிக் குழாய் என்பதால் கண்ணாலேயே பார்த்திருக்கிறாய். ஆயில் சீல் விற்ற கடைக்காரரைத் திட்டாதே. சீலில் பழுதில்லை.

உள்ளே இருக்கும் காற்றைக் கணக்குப் போடு. 35 டிகிரி வெயிலில் மூடியை இறுக்குகிறாய். தண்ணீர் 25 டிகிரி. காற்று முழுக்கக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் மூன்று சதவீதம் குறையும். ஓரடி ஆழத்துத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதற்கு அது சமம். படகு இன்னும் முழுகவே இல்லை, பார்த்துக்கொள்!

மூழ்க, பிஸ்டன் தொட்டி 300 மில்லி தண்ணீரை இழுக்கிறது. உள்ளே இருந்த மூன்று லிட்டர் காற்று 2.7 லிட்டருக்குள் நெருக்கப்படுகிறது. குளிர்ந்ததால் இறங்கியதைக் கழித்தாலும், உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் தண்ணீர் அளவுக்குக் கூடிவிடும். அடியில் உள்ளும் வெளியும் சமம். கசியக் காரணமே இல்லை. மேலே வருவதற்காகத் தண்ணீரைத் துப்பியதும் பழையபடி உள்ளே அழுத்தக் குறைவு, உறிஞ்சல்.

1894-ல் நியூஜெர்சியில் சைமன் லேக் பைன் பலகையால் கட்டிய ஆர்கனாட் ஜூனியர் நீர்மூழ்கியில் இதே சமநிலையை வேண்டுமென்றே உண்டாக்கினார். உள்ளே காற்றை ஏற்றிவிட்டு அடிக்கதவைத் திறந்தார், தண்ணீர் ஏறவில்லை.

இனி சீல். உன் படத்தில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் மோட்டாரைப் பார்த்து இருக்கிறது. ஸ்பிரிங் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தால் உதடு ஷாஃப்டைக் கவ்வும்; முதுகிலிருந்து வந்தால் தூக்கி வழிவிடும். திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, அப்போது பிஸ்டன் இழுக்கும்போதெல்லாம் காற்று வெளியே ஓடும், அடுத்த முறை உறிஞ்சல் இன்னும் கூடும். இரண்டு சீலை முதுகோடு முதுகாக வைத்து நடுவில் கிரீஸ் அடை. ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். நீளவாக்கில் நகத்தில் தட்டும் ஒரு கீறல் இருந்தாலும் அந்த ஷாஃப்டைத் தூக்கிப் போடு; எத்தனை சீல் வைத்தாலும் தண்ணீர் அந்த வாய்க்காலில் வந்துவிடும்.

மூடியில் ஒரு சைக்கிள் டியூப் வால்வு பொருத்து. வால்வு ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு மூடியை அழுத்து, இல்லாவிட்டால் ஓ-ரிங் உள்ளே நழுவும்போதே காற்று சிக்கிக்கொள்ளும். படகைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குளிர்ந்த பிறகு ஊசியைப் போடு. சோதனைக்கு வாயால் ஊதினால் போதும், கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக் வெடிக்கும். மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே முக்கிக் குமிழைத் தேடு. நின்ற ஷாஃப்ட் காட்டாததைச் சுழலும் ஷாஃப்ட் காட்டும்.

அடுத்து ஆள் உட்காரும் படகு கட்டப்போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதில் சீலுக்கு முன்னால் மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்சைடு நிற்கிறது. அனுபவமுள்ள பொறியாளர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்